வாங்கிய மின்னூல் வேறு கருவியில் திறக்கவில்லை: பூட்டை நீக்கலாமா?

கேள்வி: பல வருடங்களாக ஒரே இணையக் கடையில் மின்னூல்கள் வாங்கி வந்தேன். ‘ஈபப்’ வடிவம் என்றுதான் அங்கே போட்டிருந்தார்கள். இப்போது வேறு நிறுவனத்தின் மின்படிப்பான் வாங்கியிருக்கிறேன். அதிலும் ஈபப் திறக்கும். ஆனால் என் புத்தகங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கேட்டால், “எங்கள் செயலியில் மட்டும்தான் படிக்க முடியும்” என்கிறார்கள். பூட்டை நீக்கும் மென்பொருள் இருக்கிறதாம். பயன்படுத்தினால் குற்றமா? நான் எழுதிவைத்த குறிப்புகளையாவது வெளியே எடுக்க முடியுமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஈபப் என்பது திறந்த வடிவம். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதன் விவரக்குறிப்பை எல்லோருக்கும் வெளியிட்டிருக்கிறது. யாரும் அதைப் படித்து ஒரு செயலி எழுதலாம். ஆனால் கடை அந்தக் கோப்பின் மேல் டிஆர்எம் என்ற பூட்டைப் போட்டுத்தான் விற்றிருக்கிறது. வடிவம் திறந்தது, சாவி மட்டும் கடையிடம். பூட்டு இருப்பதை வாங்கும்போதே உங்களிடம் சொன்னார்களா என்பதுதான் இந்தப் பிரச்சினையின் மையம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு கசப்பான விஷயம். ‘வாங்குக’ பொத்தானை அழுத்தினாலும், கடையின் விதிமுறைகளின்படி உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் படிப்பதற்கான உரிமம்தான். அச்சுப் புத்தகத்தைப் போல அதை மறுவிற்பனை செய்யவும் முடியாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்கள் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் புத்தகம் போனது போனதுதான். கலிஃபோர்னியாவில் 2025 முதல், உரிமம்தான் தருகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்று போட்டு விற்கக் கூடாது. இப்படி ஒரு சட்டம் எல்லா இடத்திலும் வேண்டும்.

சரி, பூட்டை நீக்கலாமா? நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பதில் அதைப் பொறுத்தே மாறும்.

இந்தியாவில் 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 65ஏ, பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. ஆனால் அந்தப் பிரிவிலேயே ஒரு முக்கியமான சொற்றொடர் இருக்கிறது: பதிப்புரிமையை ‘மீறும் நோக்கத்துடன்’ உடைத்தால்தான் குற்றம். சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகச் செய்தால் இந்தப் பிரிவு தடுக்காது என்றும் அதுவே சொல்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளல் மீறல் ஆகாது என்கிறது பிரிவு 52. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விலை கொடுத்த புத்தகத்தைத் தன் கருவியில் படிக்க மட்டும் மாற்றுபவர் பக்கம் வலுவான வாதம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோப்பை ஒரு நண்பருக்கு அனுப்பினால்கூட இந்த வாதம் ஆட்டம் காணும். வேறொருவர் உங்களுக்குச் செய்து கொடுத்தால், உங்கள் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் அவர் பதிவு செய்து வைக்க வேண்டும். அப்புறம், குற்றம் இல்லை என்றாலும் ஒப்பந்த மீறல் என்று சொல்லிக் கடை உங்கள் கணக்கை முடக்கப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் என்றால் தொடாதீர்கள். அங்கே 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் (டிஎம்சிஏ) 1201ஆம் பிரிவுப்படி பூட்டை உடைப்பதே மீறல். சொந்த உபயோகம் என்பது விலக்கு ஆகாது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மின்னூல்களுக்கு ஒரு விலக்கு உண்டு, அதுவும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2001ஆம் ஆண்டு ஆணையின்படி தடை இருக்கிறது.

இப்போது கடையின் தவறுக்கு வருவோம். உங்களுக்கு இதுதான் பாதுகாப்பான வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகளின்படி, எண்ணிமப் (டிஜிட்டல்) பொருளுக்குப் பூட்டு இருக்கிறதா, எந்தக் கருவியோடு ஒத்துப்போகும் என்பதை விற்கும் முன்பே சொல்ல வேண்டும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் ஆகும். ‘ஈபப்’ என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் அது உங்களுக்கு நல்ல ஆதாரம். அந்தப் பக்கத்தை மாற்றிவிடும் முன் திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள். ரசீதுகளையும் அவர்கள் அனுப்பிய பதிலையும் சேர்த்து வையுங்கள். இந்தியாவில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு கால வரம்பு உண்டு. அதனால் பழைய புத்தகங்களைவிட அண்மையில் வாங்கியவற்றை முன்வைத்துக் கேளுங்கள்.

குறிப்புகள் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். நீங்கள் எழுதிய வரிகளின் பதிப்புரிமை உங்களுடையது. ஐரோப்பாவில் இருந்தால் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 20ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, கணினி படிக்கக்கூடிய, பரவலாகப் பயன்படும் வடிவத்தில் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவை இப்படி எடுத்துச்செல்லும் உரிமை இல்லை. அது பெரிய குறை. இருந்தாலும் செயலியில் ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கோடிட்ட பகுதிகள் முழுதாக வராமல் போகலாம், அவை நூலாசிரியரின் வரிகள் என்பதால் அளவு வரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் சொந்த வரிகளுக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

புகார் எழுதும் முன்பே குறிப்புகளை எடுத்துவிடுங்கள். கணக்கை மூடாதீர்கள். பிறகு கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, பூட்டில்லாத கோப்பு அல்லது முழுப் பணம் என்று கேளுங்கள். இந்திய மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, புகார் கொடுக்கலாம். கடையின் விதிமுறைகளே நியாயமற்ற ஒப்பந்தம் என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் மட்டும் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.