பவர் பிஐ: எல்லாக் கிளைக்கும் ஒரே விற்பனைத் தொகை காட்டுவது ஏன்?

பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் அறிக்கை தயாரிக்கும் மென்பொருள்) அட்டவணையில் விற்பனையைக் கணக்கிடும் உங்கள் மெஷரில் (நீங்கள் எழுதும் கணக்கீட்டுச் சூத்திரம்), வடிகட்டலை மாற்றிக் கணக்கிடும் சார்பான கால்குலேட்டுக்குள் (CALCULATE) கிளை = "வெள்ளவத்தை" என்று நேரடியாகப் போட்டிருக்கிறீர்கள். அது அட்டவணை வரியின் கிளை வடிகட்டலை அழித்துவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். புறக்கோட்டை வரியிலும் வெள்ளவத்தைத் தொகையே வருவது அதனால்தான். நிபந்தனையை, வரியின் வடிகட்டலை அழிக்காமல் வைத்திருக்கும் கீப்ஃபில்டர்ஸுக்குள் (KEEPFILTERS) வையுங்கள். மற்றக் கிளைகள் வெறுமையாகிவிடும்.

500,000 ரூபாயைத் தாண்டிய கிளைகள் மட்டும் வேண்டுமென்றால் கதை வேறு. மெஷரை அப்படியே நிபந்தனையாக்கினால் பிழைச்செய்திதான் வரும். ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை மட்டும் தரும் வேல்யூஸால் (VALUES) கிளைப் பெயர்களை எடுத்து, வரி வரியாகப் பார்த்து வடிகட்டும் ஃபில்டருக்குள் (FILTER) ஒவ்வொன்றுக்கும் மெஷரைச் சரிபாருங்கள். முழு விற்பனை அட்டவணையையும் ஃபில்டருக்குக் கொடுத்துவிடாதீர்கள்: கிளைத் தொகைக்குப் பதில் ஒவ்வொரு பில்லும் 500,000 உடன் ஒப்பிடப்படும், அறிக்கையும் ஊர்ந்துதான் திறக்கும்.