ஸ்பானிஷில் 'பேசாதே' என்று சொல்ல, 'பேசு' என்பதற்கு முன்னால் 'நோ' போட்டால் போதாதா?

போதாது. 'ஆப்லா' என்றால் 'பேசு'. ஆனால் 'நோ ஆப்லா' என்றால் 'அவர் பேசுவதில்லை' என்று அர்த்தமாகிவிடும்.

மத்ரித்தில் நான் தங்கியிருந்த வீட்டில் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய வாணலியைத் தொடப் போனான். பதறிப்போய் "நோ தோக்கா!" என்று கத்தினேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டவன், என்னை நிமிர்ந்து பார்த்து, "நோ தோக்கெஸ்" என்று பொறுமையாகத் திருத்தினான். எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு நன்றாகச் சொல்லித் தந்ததில்லை.

யோசித்தால் நமக்கு இது புதிதே இல்லை. 'பேசு' என்பதை 'பேசாதே' ஆக்கும்போது நாமும் வினையின் வாலைத்தானே மாற்றுகிறோம்? ஸ்பானிஷில் 'நோ'வும் வரும், வாலும் மாறும்.

எப்படி மாற்றுவது? 'நான்' வடிவத்தை எடுத்து, கடைசி 'ஓ'வை வெட்டுங்கள். மூல வினை 'ஆப்லார்' (பேச) மாதிரி 'ஆர்' என்று முடிந்தால் 'எஸ்' சேருங்கள்: ஆப்லோ (பேசுகிறேன்), நோ ஆப்லெஸ். 'எர்', 'இர்' என்று முடிந்தால் 'ஆஸ்': கோமோ (சாப்பிடுகிறேன்), நோ கோமாஸ். 'நான்' வடிவத்திலிருந்து தொடங்குவதில் பெரிய லாபம் உண்டு. 'தெனெர்' (கொண்டிருக்க) என்ற வினை 'நான்' வடிவத்தில் 'தெங்கோ' என்று முறுக்கிக்கொள்ளும். அதிலிருந்து 'நோ தெங்காஸ் மியெதோ', அதாவது 'பயப்படாதே', தானாக வந்துவிடும். 'நான்' வடிவம் 'ஓ'வில் முடியாத ஒரு சிலவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: நோ சேயாஸ் (இருக்காதே), நோ பாயாஸ் (போகாதே) போன்றவை.

அப்புறம், 'எனக்கு', 'அதை' போன்ற சிறு சொற்கள் இடம் மாறும். 'தீமெலோ' என்றால் 'அதை எனக்குச் சொல்'. மறுக்கும்போது அவை பிரிந்து வினைக்கு முன்னால் ஓடிவிடும்: 'நோ மெ லோ திகாஸ்'. 'நோ மெ திகாஸ்!' என்று யாராவது வியந்தால் வாயை மூடிக்கொள்ளாதீர்கள். அது நம் 'என்ன சொல்றீங்க!' மாதிரிதான்.

மரியாதைக்கு 'ஸ்' போய் 'நோ ஆப்லே'. பலரிடம் சொல்ல லத்தீன் அமெரிக்காவில் 'நோ ஆப்லென்'. ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்திடம் 'நோ ஆப்லேயிஸ்'.

அறிவிப்புப் பலகைகளில் மட்டும் இந்தச் சிரமமே இல்லை. அங்கே மூல வினையை அப்படியே எழுதிவிடுவார்கள்: 'நோ தோக்கார்', தொடக் கூடாது.