சிக்கலான ஆய்வுத் தரவுகளைச் சாதாரண மக்களுக்கும் புரியும் படமாக மாற்றுவது எப்படி?

கொழும்பில் சுகாதார ஆய்வு அறிக்கைகளுக்கு வரைபுகள் செய்து கொடுப்பதுதான் என் வேலை, அந்த அனுபவத்தை வைத்தே சொல்கிறேன். எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்க்கப்போகிறவர் அதில் முதலில் எதைத் தேடுவார் என்பது தெரியாமல் ஒரு கோடுகூட வரையாதீர்கள்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு டெங்கு வரைபு. இலங்கையில் டெங்கு நோயாளர் எண்ணிக்கை வாராவாரம் வெளிவருகிறது. மாவட்டங்கள் 25, அம்பாறை மாவட்டத்திலுள்ள கல்முனையைத் தனியாகக் கணக்கெடுப்பதால் மொத்தம் 26 வரிசை. நான் 26ஐயும் 26 நிறக் கோடுகளாக ஒரே படத்தில் போட்டுக் கொட்டாஞ்சேனையில் நடந்த ஒரு கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். முன்னால் இருந்த ஓர் அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இதில எங்கட கொழும்பு எது?" என்று கேட்டார். ஓரத்தில் இருந்த நிறப்பட்டியலில் தேடினேன். மூன்று நீலம் இருந்தது, எது கொழும்பு என்று எனக்கே உடனே சொல்ல முடியவில்லை. அன்று இரவே மாற்றினேன். கொழும்புக்கு மட்டும் தடித்த சிவப்பு, மற்ற 25க்கும் வெளிர் சாம்பல், பெயரைப் பட்டியலில் போடாமல் கோட்டின் நுனியிலேயே எழுதினேன், தென்மேற்குப் பருவமழை மாதங்களுக்குப் பின்னணியில் ஒரு மெல்லிய நீலப் பட்டை. தரவில் எதையும் எடுக்கவில்லை. ஆனால் மழை தொடங்கிச் சில வாரங்களில் கோடு ஏறுவது இப்போது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். நுளம்பு பெருகி, கடித்து, காய்ச்சல் வெளிப்பட எடுக்கும் நாட்கள்தான் அந்த இடைவெளி, அதைப் படத்திலேயே இரண்டு வரியில் எழுதிவிட்டேன்.

இன்னொன்று, எண்ணிக்கையை அப்படியே எடுத்து மாவட்டப் படத்தில் நிறமாகப் பூசாதீர்கள். 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சத்துக்கு மேல் சனம், முல்லைத்தீவில் ஒரு இலட்சம்கூட இல்லை. பெரும்பாலான நோய்களுக்குக் கொழும்புதான் கறுத்துத் தெரியும், அது நோயின் படம் அல்ல, சனத்தொகையின் படம். ஒரு இலட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றிவிட்டுப் பூசுங்கள்.

2017ஐ என்ன செய்வது என்று நிறைய யோசித்தேன். 2016இல் நாடு முழுக்க 55,000 அளவில் இருந்த டெங்கு 2017இல் 186,000ஐத் தாண்டியது. அதைச் சேர்த்தால் மற்ற ஆண்டுகள் எல்லாம் தரையோடு படுத்துவிடுகின்றன, விட்டால் அது பொய். கடைசியில் இரண்டு படம் போட்டேன்: முழு அளவில் ஒன்று, 2017 தவிர்ந்த ஆண்டுகளுக்குப் பெரிதாக்கி ஒன்று, இரண்டாவதின் தலைப்பிலேயே "2017 இதில் இல்லை" என்று. இடம் கூடப் பிடித்தாலும் இதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

வட்ட வரைபா, பட்டை வரைபா என்ற சண்டைக்கு எப்போதோ பதில் வந்துவிட்டது. வரைபுகளை மக்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த கிளீவ்லண்டும் மெக்கிலும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே அளவுகோலில் இருக்கும் நீளங்களை நம் கண் ஒப்பிடுகிற அளவுக்குக் கோணங்களைச் சரியாக ஒப்பிடுவதில்லை என்று காட்டியது. சரி, பட்டையே போடுங்கள்.

அப்புறம் தமிழ். இங்கே ஒரே படம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் போகவேண்டும், தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் முதலில் தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற இரண்டையும் செய்வேன். பைதன் நிரல்மொழியில், வரைபு போடும் மேட்பிளாட்லிப் என்ற கருவியை வைத்து வரைந்தபோது "கொழும்பு" என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. படத்தை எஸ்விஜி என்ற கோப்பு வடிவத்தில், எழுத்தை எழுத்தாகவே வைத்துச் சேமித்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் சரியாகிவிடும். அச்சுக்கு அனுப்பும் முன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, ஒன்றும் விளக்காமல், அவர் விரல் முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். நான் இப்போது ஒவ்வொரு படத்துக்கும் அதைச் செய்கிறேன்.