உபுண்டு சர்வரில் டாக்கரும் (கன்டெய்னர் மென்பொருள்) போஸ்ட்கிரெஸும் (தரவுத்தளம்) தானாக அப்கிரேட் ஆகாமல் தடுப்பது எப்படி? தானியங்கி அப்டேட்டையே நீக்கிவிடலாமா?

நீக்க வேண்டாம். தானியங்கி அப்டேட்டைச் செய்கிற பேக்கேஜின் பெயர் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ். ‘அதை முதலில் தூக்குங்கள்’ என்று இணையத்தில் பலர் சொல்வார்கள். அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. ஓபன்எஸ்எஸ்எல் என்கிற குறியாக்க நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் நடுராத்திரியில் எழுந்து நீங்களா பேட்ச் போடப் போகிறீர்கள்?

முதலில் அப்கிரேட் செய்தது யார் என்று பாருங்கள். வார் (/var) அடைவில் லாக், அதற்குள் ஆப்ட் (உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் கருவியின் பெயர்), அதற்குள் ஹிஸ்டரி.லாக். ஒவ்வொரு பதிவிலும் ‘கமாண்ட்லைன்’ என்று ஒரு வரி இருக்கும்; எந்தக் கட்டளை ஓடியது என்று அதில் தெரியும். டாக்கரை அதன் சொந்த ரெப்பாசிட்டரியிலிருந்து நிறுவியிருந்தால், அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் இயல்பான அமைப்பில் அதைத் தொடவே தொடாது. உபுண்டுவின் சொந்தப் பாதுகாப்பு அப்டேட்டுகளைத்தான் எடுக்கும். ஆக, யாரோ கையால் ‘ஆப்ட் அப்கிரேட்’ அடித்திருப்பார்கள். சூடோ வழியாக அடித்திருந்தால் ‘ரிக்வெஸ்டட்-பை’ வரியில் அவர் பயனர் பெயரும் இருக்கும். (அலுவலகத்தில் இதைக் காட்டும்போது கொஞ்சம் பதமாகக் காட்டுங்கள்.)

சட்டென்று தடுக்க ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ போதும்; பேக்கேஜை இருக்கிற பதிப்பிலேயே நிறுத்திவிடும். ‘ஷோஹோல்ட்’ பட்டியலைக் காட்டும், ‘அன்ஹோல்ட்’ விடுவிக்கும். கன்டெய்னர்களை நிர்வகிக்கிற குபர்னெட்டீஸின் அதிகாரபூர்வ நிறுவல் வழிகாட்டியே அதன் பேக்கேஜ்களான குபலெட், குபஏடிஎம், குபசிடிஎல் மூன்றையும் ஹோல்ட் போடச் சொல்கிறது. ஆனால் ஹோல்ட் போட்ட பேக்கேஜுக்குப் பாதுகாப்புப் பேட்சும் வராது. போட்டதை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அது பாட்டுக்குப் பழைய பதிப்பிலேயே கிடக்கும்.

அதனால் டாக்கருக்கு நான் ‘பின்’ (pin) போடுவதைத்தான் சொல்வேன், அதாவது எந்தப் பதிப்பு வரிசையை ஏற்க வேண்டும் என்று ஆப்ட்டுக்கு விதி எழுதுவது. இடிசி, ஆப்ட், அதற்குள் பிரிஃபரன்சஸ்.டி அடைவில் ஒரு கோப்பு. அதில் மூன்றே வரி: பேக்கேஜ் பெயர், பதிப்பு, முன்னுரிமை எண். 27 வரிசையிலேயே இருக்க வேண்டுமென்றால் பதிப்பு ‘5:27.*’, எண் 990. இப்போது 27க்குள் வருகிற திருத்தங்கள் வரும், 28 வராது. முன்னால் இருக்கிற அந்த ‘5:’ முக்கியம். அதை விட்டால் பின் எதனோடும் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. எனவே எழுதி முடித்ததும் ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ ஓட்டி, ‘கேண்டிடேட்’ (ஆப்ட் நிறுவத் தேர்ந்தெடுத்த பதிப்பு) வரியில் எந்தப் பதிப்பு நிற்கிறது என்று பாருங்கள். சாதாரண ரெப்பாசிட்டரிக்கு எண் 500. 1000ஐத் தாண்டினால் பதிப்பைக் கீழே இறக்கவும் ஆப்ட் தயங்காது. எண்ணை ஏற்றும்போது அதை மனதில் வையுங்கள். 27 வரிசைக்குத் திருத்தம் வருவது நின்றால் அடுத்ததற்கு நீங்களேதான் மாற வேண்டும்.

போஸ்ட்கிரெஸுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. பேக்கேஜ் பெயரிலேயே பெரும்பதிப்பு எண் இருப்பதால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-16 ஒருநாளும் தானாக 17 ஆகாது. 16.3 போய் 16.4 வருவது பிழைத்திருத்தம்தான், அதை ஏன் தடுக்க வேண்டும்? உங்களுக்கு உண்மையில் தொல்லை, அப்டேட்டின்போது சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகி இணைப்புகள் அறுவதுதான் என்றால், நேரத்தை மாற்றுங்கள். இயல்பாகத் தானியங்கி அப்டேட் காலை 6 மணிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குள் எப்போதாவது ஓடும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.டைமர்’ அடித்து, ‘டைமர்’ பகுதியில் முதலில் ‘ஆன்கேலண்டர்=’ என்று வெறுமையாக ஒரு வரி, அடுத்த வரியில் உங்கள் நேரம். அந்த வெற்று வரி இல்லாவிட்டால் பழைய நேரம், புதிய நேரம் இரண்டிலும் ஓடும்.

அப்புறம், ஸ்னாப் (உபுண்டுவின் இன்னொரு நிறுவல் முறை) வழியாக நிறுவியது ஏதாவது இருந்தால் அது ஆப்ட்டின் பேச்சைக் கேட்காது. அதற்கு ‘ஸ்னாப் ரிஃப்ரெஷ் --ஹோல்ட்’ தனியாகப் போட வேண்டும்.