பரணில் கிடைத்த ரைஃபிள்: கிரீடம் இருந்தால் லண்டன் சரக்கா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தாத்தா வீட்டைக் காலி செய்யும்போது பரணில் சாக்கு சுற்றிய பழைய ரைஃபிள் ஒன்று கிடைத்ததாம். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடிக்குக் கீழே, இரும்பும் மரக்கட்டையும் சேரும் இடத்தில் ஒரு கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ., அதற்கும் கீழே துரு தின்றது போக ஏ, பி, ஓ, ஆர், ஈ என்று ஐந்து எழுத்து, பிறகு 1943, கடைசியில் ஷார்ட் எல்.ஈ., மூன்று கோடு, ஒரு நட்சத்திரம் (ஷார்ட் லீ-என்ஃபீல்ட் என்ற மாடலின் குறி அது). கிரீடம் இருப்பதால் லண்டனில் செய்ததுதானே, நல்ல விலை போகுமா என்கிறார்.

லண்டன் இல்லை சார், வங்காளம். துரு தின்ற எழுத்துகள் ஐ, எஸ், எச். ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை. கிரீடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஆஸ்திரேலியாவில் லித்கோவில் செய்ததிலும் கிரீடம் உண்டு. இங்கே துப்பு ஜி.ஆர்.ஐ.யில் வரும் அந்தக் கடைசி 'ஐ'தான். ஜார்ஜ் ரெக்ஸ் என்றால் ஜார்ஜ் மன்னர், இம்பரேட்டர் சேர்ந்தால் பேரரசர். இங்கிலாந்து தொழிற்சாலைகள் ஜி.ஆர். என்று நிறுத்திக்கொள்ளும், இந்தியாவில் அடித்ததில்தான் ஜி.ஆர்.ஐ. வரும். மேகசினுக்கு (தோட்டா அடுக்கும் பெட்டி) சற்று முன்னால் மரத்தைக் குறுக்கே துளைத்துப் போகும் ஒரு திருகு இருக்கிறதா பாருங்கள், அது இஷாப்பூர்க்காரர்களின் கைவேலை.

கல்வெட்டு படிப்பது மாதிரிதான் இதுவும். மெய்க்கீர்த்தியில் மன்னன் பெயர் ஒன்று, ஆண்டு வேறொன்று என்றால் சந்தேகம் வருமில்லையா, அதே கணக்கு. ஒருவர் காட்டிய படத்தில் வி.ஆர். என்று விக்டோரியா ராணியின் எழுத்தும் பக்கத்திலேயே 1917ம் இருந்தது. ராணி இறந்தது 1901இல்! கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் அரம் வைத்து ராவிச் செய்த நகல்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும், சிலவற்றில் ஆங்கில 'என்' எழுத்தே இடவலமாகத் திரும்பியிருக்கும். உங்களுடையதில் மன்னரும் ஆண்டும் மாடலும் ஒத்துப்போகின்றன. எழுத்து மங்கலாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், துப்பாக்கியைத் தூக்காமல் சுண்ணக்கட்டியை லேசாகப் பூசி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் படம் எடுங்கள், போதும்.

அப்புறம், எங்கே செய்தது என்பதைவிட உங்களுக்கு முக்கியம் யாருடையது என்பது. மேல்நோக்கிய அம்புக்குறியும் அதன் கீழே 'ஐ'யும் இருந்தால் அது இந்திய அரசின் உடைமை முத்திரை. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால் படையிலிருந்து விற்றுக் கழித்தது. டி.பி. என்றிருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கியது, சுடுவதற்கு ஆகாது. எப்படி வீட்டுக்கு வந்தது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே கிடைக்கும்.

விலையை மறந்துவிடுங்கள். இந்த ரைஃபிள் சுடுவது .303 என்ற ராணுவத் தோட்டா, அந்த ரகத்தைத் தனியார் வைத்திருக்கத் தடை உள்ளது. துருப்பிடித்த பழம்பொருள்தானே என்று சிலர் சொல்வார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பதற்குத்தான், மேலே துரு இருப்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. அதனால் ஆட்டோவில் போட்டுப் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைக்கோ தெரிந்த பழம்பொருள் சேகரிப்பாளரிடமோ கொண்டுபோகும் யோசனை வேண்டாம். ஒரு வக்கீலிடம் சொல்லி, அவர் மூலம் உங்கள் ஏரியா காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள், ரசீது வாங்குங்கள். அதற்கு முன் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா தேடுங்கள். இருந்தால் அதில் உள்ள எண்ணும் போல்ட் கைப்பிடியின் பின்புறம், முன்மூக்கு மூடியில் (குழல் வாயருகே இருக்கும் இரும்பு உறை) அடித்த எண்களும் ஒன்றா என்று படத்தை வைத்தே ஒப்பிடலாம். மறுபடி கையில் எடுக்க வேண்டாம், போல்ட்டை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம், உள்ளே தோட்டா கிடக்கலாம்.