திரையைத் துடைப்பது எப்படி? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி டெர்மினல், அதாவது கட்டளை அடிக்கிற ஜன்னல், அதன் திரையைத் துடைப்பது பற்றியே. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். கட்டளைகள் எல்லாம் சின்ன எழுத்தில்தான். லினக்ஸில் பெரிய எழுத்தில் அடித்துவிட்டு வராதீர்கள்.

"கிளியர் வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை." (ஊர் போடாதவர்)

ஊர் போகட்டும், விண்டோஸா லினக்ஸா என்றாவது போட்டிருக்கலாம். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட் என்றால் சிஎல்எஸ். லினக்ஸ், மேக் என்றால் கிளியர். விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் இரண்டும் ஓடும். இனிமேல் முதல் வரியிலேயே சிஸ்டம் எது என்று எழுதுங்கள், எனக்கு ஜோசியம் தெரியாது.

"நீளமான கட்டளையைப் பாதி அடித்த பிறகு திரையைத் துடைக்க முடியுமா?" (சோளிங்கர்)

லினக்ஸ், மேக்கில் கண்ட்ரோலும் எல்லும் சேர்த்து அழுத்துங்கள். அடித்தது அழியாமல் முதல் வரிக்கு வந்து நிற்கும்.

"துடைத்த பிறகும் மேலே உருட்டினால் பழையதெல்லாம் தெரிகிறதே?" (ஆற்காடு)

ஆற்காட்டுக்காரர் கேட்கிற கேள்வியா இது? பாலாறு மேலே காய்ந்துதான் கிடக்கும், மணலில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வரும். கண்ட்ரோல் எல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பகுதியை மட்டும் துடைக்கும். புதிய லினக்ஸ்களில் கிளியர் கட்டளை, டெர்மினல் ஒத்துழைத்தால், உருட்டிப் பார்க்கிற பகுதியையும் காலி செய்யும். அது வேண்டாம் என்றால் கிளியர், இடைவெளி, ஹைஃபன் எக்ஸ். மேக்கின் டெர்மினலில் உருட்டிப் பார்க்கிற பகுதியையும் துடைக்க கமாண்டும் கே-யும் சேர்த்து அழுத்துங்கள்.

"டேட்டாபேஸ் பாஸ்வேர்டைக் கட்டளையோடு சேர்த்தே அடித்துவிட்டேன். பக்கத்து சீட்காரர் பார்ப்பதற்குள் கிளியர் செய்துவிட்டேன். போதும்தானே?" (ராணிப்பேட்டை)

போதாது. மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், பாஸ்வேர்ட் பல்லிளிக்கும். திரையைத் துடைப்பது வேறு, தடயத்தைத் துடைப்பது வேறு. எத்தனை முறைதான் எழுதுவது! பாஷில் (லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டுகிற ஷெல்) ஹிஸ்டரி என்று அடித்து அந்த வரியின் எண்ணைப் பாருங்கள். ஹிஸ்டரி, ஹைஃபன் டி, அந்த எண். அப்புறம் ஹிஸ்டரி, ஹைஃபன் டபிள்யூ. அதோடு பாஸ்வேர்டையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

"லேப் புரோகிராமை வீட்டு லினக்ஸில் கம்பைல் செய்தால் கோனியோ ஹெடர் இல்லை என்கிறது. அந்த வரியை எடுத்தால் சிஎல்ஆர்எஸ்சிஆர் தெரியாது என்கிறது. ஜிசிசி பழுதா?" (காட்பாடி, முதலாண்டு மாணவர்)

ஜிசிசி கம்பைலர் நன்றாகத்தான் இருக்கிறது. பழுது உங்கள் ரெக்கார்ட் நோட்டில். டர்போ சி 1987-இல் போர்லாண்ட் விட்டது, பழைய டாஸ் சிஸ்டம் காலத்து சி கம்பைலர். சிஎல்ஆர்எஸ்சிஆர் அதில் திரையைத் துடைக்கிற ஃபங்ஷன், அது இருப்பது கோனியோ ஹெடரில். 1989-இல் வந்த ஆன்சி சி தரத்தில் அது கிடையாது, பிறகு வந்தவற்றிலும் கிடையாது.

பிறகு ஏன் எல்லோரும் எழுதுகிறார்கள்? டர்போ சி-யில் போன முறை ஓட்டிய விடை வெளியீட்டுத் திரையிலேயே கிடக்கும். அடுத்த முறை ஓட்டினால் புதிய விடை அதன் கீழே ஒட்டிக்கொண்டு வரும். எது பழையது, எது புதியது என்று தெரியாது. அதற்காக மெயினுக்குள் முதல் வேலையாகத் துடைத்தார்கள். டாஸ் போய்விட்டது, வரி மட்டும் ஜெராக்ஸ் ஜெராக்ஸாக வந்துகொண்டிருக்கிறது.

ஒரு கல்லூரிக்கு வெளித்தேர்வராகப் போயிருந்தேன். இரண்டு எண்களைக் கூட்டும் புரோகிராம். அந்தப் பெண் எழுதியது ஓடியது, விடையும் சரி. சிஎல்ஆர்எஸ்சிஆர் இல்லை என்று உள்தேர்வர் சிவப்புப் பேனாவால் சுழித்து 2 மார்க் குறைத்திருந்தார். "சார், திரை ஏற்கெனவே காலியாகத்தானே இருக்கிறது?" என்றேன். "ப்ரொசீஜர் சார்" என்றார். அரை மணி நேரம் வாதாடி 2 மார்க்கை வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு டீ வரவில்லை.

துடைத்தே ஆக வேண்டுமா? பிரிண்ட்எஃப் மேற்கோளுக்குள் பின்சாய்கோடு 033, சதுர அடைப்பின் திறப்பு, 2, பெரிய ஜே. உடனே இன்னொரு பின்சாய்கோடு 033, சதுர அடைப்பின் திறப்பு, பெரிய எச். முதலாவது துடைக்கும், இரண்டாவது கர்சரை இடது மேல் மூலைக்குக் கொண்டுபோகும். 1978-இல் வந்த விடி100 டெர்மினலுக்கே புரிந்த மொழி இது. சிஸ்டம் வழியாகக் கிளியரைக் கூப்பிட்டாலும் நடக்கும், ஆனால் ஒரு திரையைத் துடைக்க ஒரு ஷெல்லையே எழுப்புகிறீர்கள். என்னைக் கேட்டால் துடைக்கவே வேண்டாம். அந்தத் திரையில் நீங்கள் இன்னும் படிக்காத வார்னிங் இருக்கலாம்.

"கேட் கட்டளையில் தெரியாமல் ஒரு படத்தைத் திறந்தேன். எழுத்தெல்லாம் கோடும் கட்டமும் ஆகிவிட்டது. கிளியரும் உதவவில்லை." (குடியாத்தம்)

கேட் கோப்பை அப்படியே திரையில் கொட்டும், படத்தைக் கொட்டியதில் டெர்மினல் குழம்பிவிட்டது. ரீசெட் என்ற கட்டளைதான் மருந்து. அடிப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அடித்து என்டர் தட்டுங்கள். என்டர் கேட்கவில்லை என்றால் கண்ட்ரோல் ஜே.

"கம்பெனி பேக்கப் ஸ்கிரிப்ட் இரவு 2 மணிக்கு கிரானில் ஓடுகிறது. டெர்ம் அமைக்கவில்லை என்று எரர் வருகிறது. முதல் வரி கிளியர்." (ஆம்பூர்)

அந்த நேரத்தில் யாருடைய திரையைத் துடைக்கிறீர்கள்? கிரான் குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டுவது, அதற்குத் திரையே கிடையாது; எந்த டெர்மினல் என்று சொல்கிற டெர்மும் அதனால்தான் இல்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

"திரை அப்படியே உறைந்துவிட்டது. துடைக்கவும் முடியவில்லை, எதை அடித்தாலும் வரவில்லை." (வாலாஜா)

சேவ் செய்கிற பழக்கத்தில் கண்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள், டெர்மினலில் அது திரையை நிறுத்திவைக்கும். கண்ட்ரோல் க்யூ அழுத்துங்கள். ஆனால் கோபத்தில் இதுவரை தட்டியதெல்லாம் மொத்தமாக வந்து இறங்கும், அதில் என்டரும் இருந்தால் என் பொறுப்பல்ல.