கேள்வி – பதில்: கணக்குப்பிள்ளை லெப்டினன்ட்

கேள்வி: நம் நாட்டுக் கித்துல்கலவில் படமாக்கிய ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ பற்றிப் பேசினால் எல்லோரும் அதன் நாயகன் அலெக் கின்னஸையே புகழ்கிறார்கள். உங்களுக்குப் பிடித்தவர் யார், ஐயா?
– வாசகி ஒருவர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: கின்னஸுக்கு ஒஸ்காரே கிடைத்துவிட்டது, தங்கச்சி. என் வாக்கு ஜெஃப்ரி ஹோர்னுக்கு. போர்க்கைதிகளைக் கொண்டு ஜப்பானியர் கட்டும் பாலத்தைத் தகர்க்கப் போகும் குழுவில், லெப்டினன்ட் ஜோய்ஸ் என்ற கனடாப் பையனாக வருபவர் அவர்தான். போருக்கு முன் ஜோய்ஸுக்கு என்ன வேலை? ஏற்கெனவே பலர் சரிபார்த்த கணக்கை மறுபடியும் சரிபார்ப்பது. அதற்குக் காடே மேல் என்று கிளம்பியிருப்பான்!

காட்டில் ஒரு ஜப்பானியச் சிப்பாய் எதிரே நிற்கிறான். ஜோய்ஸின் கையில் கத்தி இருக்கிறது. குத்த மனம் வரவில்லை. குழுத் தலைவர் வார்டன் முந்திக்கொள்கிறார், காலில் சூடும் வாங்குகிறார். முடிவில் ஜப்பானிய முகாம் தலைவர் சைட்டோவைக் குத்தும்போது ஜோய்ஸிடம் அந்தத் தயக்கம் மிச்சமிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்ப்பேன்.

ஆறு ஒரே இரவில் வற்றி, பாலத்தைத் தகர்க்க வைத்த வெடிக்கம்பி வெளியே தெரிகிறதே, முகத்துவாரம் வெட்டியபின் வாவி இறங்குவதைக் கண்ட நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

படம் வந்தது 1957இல். ஹோர்ன் பெரிய நட்சத்திரமாகவில்லை. பின்னாளில் நியூயோர்க்கில் நடிப்பு ஆசிரியரானார். அந்த மாணவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.